என் கையால் எடுத்த கல்

பிப்ரவரி 4

ஒட்டகமே,

இதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பவர் என் கிளினிக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரம்மா. இடது சிறுநீரகத்திலிருந்து இறங்குகிற பாதையில் ஒரு கல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு மனுஷியைப் படாத பாடு படுத்துகிறது. போன வாரம் வலி வந்தபோது துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில் சுருண்டு கிடந்தார். மாத்திரை கொடுத்தாயிற்று, தண்ணீர் குடிக்க வைத்தாயிற்று, தானாக இறங்குமா என்று காத்திருந்தும் பார்த்தாயிற்று. அசைகிற கல்லாகத் தெரியவில்லை. ஸ்கேன் படம் கூடவே வருகிறது.

காரணம் நீ கேட்கவே வேண்டாம். கடையில் கழிப்பறை கிடையாது. பின்தெருவுக்குப் போய்வர வேண்டுமே என்று இவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. திட்டினால், "ஒரு சட்டை முடிக்கறதுக்குள்ள நாலு தடவ எந்திரிச்சுப் போனா நான் எப்ப பிழைக்கறது டாக்டரம்மா?" என்கிறார்.

அனுப்பிவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆபரேஷன் என்றதும், "வெட்டறதுதான் என் தொழிலு, வெட்டுப்படறது இல்ல" என்று எழுந்து போய்விட்டார். கடைசியில் உன்னைச் சொல்லித்தான் மடக்கினேன். 'ஹாஸ்டலில் ஒரே அறையில் கிடந்தவள், எனக்குக் கூடப் பிறக்காத குறை. அவள் கை பட்டால் வலிக்காது. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது' என்றேன். "சத்தியமா அவங்களேதான் செய்வாங்களா?" என்று கேட்டார். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் தலைதான், பயப்படாதே.

வழக்கம்போல அவரிடம் யாரும் எதையும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். போன தடவை நான் அனுப்பிய பஸ் டிரைவரிடம் உங்கள் ஆள் ஒருவர், எப்போதோ யாருக்கோ வருகிற ஆபத்தையெல்லாம் ஒப்பிக்கப் போய், மனிதர் ஆஸ்பத்திரி உடுப்போடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். என் ஆட்களுக்கு என் வாயால் சொன்னால்தான் ஏறும். என்ன செய்தாலும் எனக்கு எழுது, நான் சொல்லிக்கொள்கிறேன். போன் பண்ணாதே. போனில் நீ பாதி என்னிடமும் பாதி வேறு யாரிடமோ பேசுகிறாய். நோயாளி கையில் கடிதம் என்பதுதான் நம் இரண்டு பேருக்கும் ராசி.

பம்பரம்


பிப்ரவரி 13

பம்பரமே,

உன் தையல்காரம்மா இன்று ஊர் திரும்புகிறார். கல் போயாயிற்று.

நேற்றுக் காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொண்டேன். நீ தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டாய், அந்தத் தலையை நான் காப்பாற்ற வேண்டாமா? நானேதான், என் கையால். அவர் மயக்கத்துக்குப் போன பிறகுதான் உள்ளே போனேன். இந்த உயரத்தையும் கழுத்தையும் முகமூடியையும் சேர்த்துப் பார்த்தால் தைரியசாலிக்கே வயிற்றைக் கலக்கும், பாவம் அவர் என்ன செய்வார்!

கல்லை நீ பார்த்திருக்க வேண்டும். பட்டாணி அளவுதான் இருக்கும். ஆனால் ஒரு பக்கம் முழுக்க முள் முள்ளாக. அதுதான் இறங்காமல் அடம் பிடித்திருக்கிறது. லேசரால் பொடிப் பொடியாக உடைத்து, சின்னக் கூடையால் வாரி எடுத்துவிட்டேன். பாதை சுத்தம். உள்ளே எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டு மிஷினில் உட்காரட்டும். தண்ணீர் விஷயத்தை நீ உருட்டி மிரட்டிப் பார்த்துக்கொள்.

இங்கே யாரும் அவரிடம் வாயைத் திறக்கவில்லை. பம்பரம் டாக்டர் அனுப்புகிறவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, நான் எழுதிக்கொள்வேன் என்று உத்தரவே போட்டிருக்கிறேன். பையன்கள் உன் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறார்கள். நீ உயரத்தில் இவ்வளவுதான் என்று தெரிந்தால் சிரித்துவிடுவார்கள்.

புதுக் கட்டிடம் எழும்புகிறது. காலையில் மீட்டிங், மத்தியானம் மீட்டிங். டாக்ஸியில் ஏறி 'கல் ஆஸ்பத்திரி' என்று சொன்னால் போதும், நேராக இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். ஒருநாள் வாயேன்.

ஒட்டகம்


ஜூலை 21

ஒட்டகமே,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ அனுப்பிய வாழ்த்து அட்டையில் அச்சடித்த கையெழுத்து இருந்தது. பெரிய மனுஷியாகிவிட்டாய், இரு இரு.

தையல்காரம்மா உன் புகழ் பாடிப் பாடி இந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் கல் இருந்தால் தேவலை என்று ஆசை வந்துவிட்டது. அதே ஜோரில் ரேஷன் கடைக்காரரையும் பள்ளிக்கூட டீச்சரையும் உன்னிடம் அனுப்பினேன், இரண்டு பேரும் நலம்.

ஆனால் தையல்காரம்மாதான் சரியில்லை. இடது இடுப்பில் மந்தமாக ஒரு வலி. அடிக்கடி சிறுநீருக்கு ஓடுகிறார். துணிக்கட்டைத் தூக்கினால் அன்றைக்குச் சிவப்பாகப் போகிறது என்கிறார். பாதை சுத்தம் என்று நீ எழுதியிருந்ததால், தொற்று என்று நினைத்து மருந்து கொடுத்தேன். அடங்குகிறது, திரும்ப வருகிறது. உள்ளே ஏதாவது விட்டுப்போயிருக்குமா? கொஞ்சம் யோசித்துச் சொல். படம் எடுக்கச் சொன்னால், "எடுத்த கல்ல எதுக்கு மறுபடி தேடறீங்க?" என்று என்னையே மடக்குகிறார்.

பம்பரம்


ஆகஸ்ட் 2

பம்பரம்,

விட்டுப்போவதாவது! நான் பார்க்காத மூலை இல்லை. என் கையால் எடுத்தது எனக்குத் தெரியாதா? தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சபதம் போட்டிருப்பவருக்குத் தொற்று வராமல் வேறென்ன வரும்? மருந்தை மாற்றிக் கொடு, இன்னும் சில நாள் கூட்டிக் கொடு. படத்துக்கு அவசரமில்லை.

விமானத்துக்கு நேரமாகிவிட்டது. மாநாடு. வந்து எழுதுகிறேன்.

ஒட்டகம்


நவம்பர் 6

ஒட்டகம்,

உடனே படி. நேற்று தையல்காரம்மாவுக்குக் குளிர் ஜுரம். படி ஏறி வர முடியாமல் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். இனி இவர் பேச்சைக் கேட்டுப் பயனில்லை என்று இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுத்தேன்.

குழாய் இருக்கிறதடி! சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை, இரண்டு முனையும் சுருண்டு, பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி. பாதை வீங்கி அடைத்துக்கொள்ளாமல் இருக்க வைக்கிற அதே குழாய்தான். சில வாரத்தில் எடுத்துவிட வேண்டியது, பிப்ரவரியிலிருந்து உள்ளேயே கிடக்கிறது. அதைச் சுற்றிலும் கல் படிந்து மேல்முனை ஒரு உருண்டையாகிவிட்டது.

நீ எப்படி மறந்தாய்? உன் கையால் வைத்த குழாயை நீ எப்படி மறந்தாய்? உள்ளே எதையும் விட்டுவைக்கவில்லை என்று எழுதினாயே. யாருக்கோ எழுத வேண்டியதை மாற்றி எனக்கு எழுதிவிட்டாயா? அன்றைக்கு வரிசையாக நிறையப் பேர் இருந்தார்களா? நான் உன்னைத் திட்டுவதற்குக் கேட்கவில்லை. எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து நீ எதையும் மறக்கிறவள் இல்லை.

நாளை மறுநாள் நானே அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இதைக் கூரியரில் போடுகிறேன், போனிலும் சொல்லிவைத்திருக்கிறேன். நீ இருப்பாய்தானே? அவருக்குச் சும்மா ஒரு சோதனை என்றுதான் சொல்லியிருக்கிறேன். "அவங்க பாத்துக்குவாங்க இல்ல?" என்கிறார். பாத்துக்குவாங்க என்று சொல்லியிருக்கிறேன்.

பம்பரம்


நவம்பர் 15

உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அதனால் கூப்பிடாமலே எழுதுகிறேன்.

வந்தோம். மேடம் ஊரில் இல்லை என்றார்கள். சரி, யாராவது பாருங்கள் என்றேன். தையல்காரம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு நர்ஸம்மாவைப் பிடித்தேன். பிப்ரவரியில் டாக்டர் செய்த கேஸ் இது, அவரிடம் நேரில் பேச வேண்டும் என்றேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மேடமா? அவங்க தியேட்டர் பக்கம் வந்தே ரெண்டு வருஷம் இருக்குமே. மீட்டிங்குக்கே அவங்களுக்கு நேரம் பத்தல" என்றார். ஏதோ மழை வருமா என்று கேட்டதற்குச் சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. அவருக்கு மட்டுமில்லை, அந்த ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர் வரைக்கும் தெரிந்திருக்கிறது. உன் சிநேகிதிக்குத்தான் தெரியாது.

கல் எடுத்த இளம் டாக்டரும் வந்தார். நல்ல பிள்ளை. முகம் வெளிறிப்போய்விட்டது. "நான்தான் செஞ்சேன் மேடம். உள்ள வீங்கியிருந்துச்சு, அதனால குழாய் வச்சேன். உங்க பேஷண்டுன்னா பெரிய மேடம்தான் உங்களுக்கு எழுதுவாங்க, நாங்க பேசக்கூடாதுன்னு ஆர்டர். முடிஞ்சுதுன்னு அவங்ககிட்ட சொன்னேன், சரின்னாங்க, வேற எதுவும் கேக்கல. ஏன், அவங்க எழுதலையா?" என்றார்.

எழுதினார்கள் என்று சொன்னேன்.

பட்டாணி அளவு என்று எழுதினாயே. ஒரு பக்கம் முள் முள்ளாக என்று எழுதினாயே. கூடையால் வாரினேன் என்றாயே. நீ அந்த அறைக்குள்ளேயே இல்லையடி! அவர் மயங்கிய பிறகுதான் உள்ளே போனேன் என்று எவ்வளவு சாமர்த்தியமாக ஒரு வரி. அவரிடம் நான் விசாரித்தாலும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க. அதை எழுதும்போது உனக்கு வாய் கூசவில்லையா? கை கூசவில்லையா? நான் அந்தக் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். கீழே போய் அவருக்குப் படித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார்.

வெளியே உன் அறைக் கதவில் உன் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கத்தினேன். ஆமாம், கத்தினேன். இந்நேரம் உன் காதுக்கு வந்திருக்கும்.

குழாயைச் சுற்றிக் கல் படிந்திருப்பதால் இப்போது இழுக்க முடியாதாம். முதுகுப் பக்கமாக வேறொரு குழாய் போட்டுச் சிறுநீரை ஒரு பைக்குள் வடியவிட்டிருக்கிறார்கள். அடைத்துக் கிடந்த சிறுநீரகம் உயிர் பிடிக்கிறதா என்று சில வாரம் பார்க்க வேண்டுமாம். பிடிக்காவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான். இதுவரைக்கும் அவருக்கு 'அடைப்பு' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த அம்மாவின் கண்ணைப் பார்க்காமல் பேசினேன்.


நவம்பர் 24

பம்பரம்,

உன் கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் சும்மா இருந்தேன். கோபம் இறங்கட்டும் என்று. இறங்கவில்லை, எழுதுகிறேன்.

என் இடத்துக்கு வந்து, என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் முன்னால், நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கூடத்தில் 'பொய்க்காரி' என்று கத்தியிருக்கிறாய். அறையில் உட்கார்ந்திருந்தால் நான் வந்திருக்க மாட்டேனா? மறுநாள் நான் வருவேன் என்று சொன்னார்களே, காத்திருந்திருக்கலாமே? ஊருக்கே தெரிந்த பிறகுதான் என்னிடம் சொல்ல வேண்டுமா? நான் எதிரியிடம்கூட இப்படி நடந்துகொண்டதில்லை.

குழாய் விட்டுப்போவது பெரிய தப்புதான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் நடக்காதது? அந்தப் பையனை வளர்த்து ஆளாக்கியது நான். அவன் கை என் கைதான். 'என் கையால்' என்றால் அப்படித்தான் அர்த்தம். ஒரு பெரிய இடத்தை நடத்துகிறவள் எல்லாக் கல்லையும் தானே எடுத்துக்கொண்டிருக்க முடியுமா? நீ உன் கிளினிக்கில் தனியாளாக உட்கார்ந்துகொண்டு உலகம் முழுக்க அப்படி என்று நினைக்கிறாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்கத்தான் வேண்டும். நீ அனுப்புகிறவர்களிடம் யாரும் வாய் திறக்கக்கூடாது என்று விதி போட்டது யார்? நானா? மற்ற எல்லா நோயாளிகளிடமும் எங்கள் பையன்கள் உட்கார்ந்து, படம் வரைந்து, குழாய் இருக்கிறது, இந்த வாரம் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அந்தப் பேச்சு கிடைக்காமல் போனவர்கள் நீ அனுப்பியவர்கள் மட்டும்தான். உன் டீச்சருக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் குழாய் வைக்க வேண்டியிருக்கவில்லை, தப்பித்தார்கள். உன் பிடிவாதத்துக்கும் இதில் பங்கு உண்டு. என் தலையில் மட்டும் கொட்டாதே.

ஒட்டகம்


டிசம்பர் 1

பங்கு உண்டு. மறுக்கவில்லை. அந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் கை போனது. பிறகு படி இறங்கி, தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, நீ சொன்னது நிஜம்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்னும் கேள். ஊர் திரும்பிய அன்று, செய்ததையெல்லாம் எழுதி ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய சீட்டை அவர் என்னிடம் நீட்டினார். 'ஒட்டகமே எழுதியிருக்கிறாள், இது எதற்கு' என்று திருப்பிக் கொடுத்தேன். உன் சிரிப்புக் கடிதம் கையில் இருக்கும்போது வேறு காகிதம் எனக்கு எதற்கு?

ஆனால் அந்த விதி எதை நம்பிப் போட்டது? நீ எழுதுவாய், எழுதுவது உண்மையாக இருக்கும் என்பதை நம்பி. 'நான் போகவில்லை, வேறொருவர் செய்தார்' என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். அவர் சொல்லியிருப்பார். மார்ச் மாதமே குழாய் வெளியே வந்திருக்கும். உன்னிடம் நான் கேட்டது கை அல்ல. அதைத்தான் நீ புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறாய். நீ செய்யாவிட்டால் என்ன குறைந்துபோயிருக்கும்? அந்தப் பிள்ளை நன்றாகத்தான் செய்திருக்கிறார். கல்லையும் எடுத்தார், குழாயும் சரியாகத்தான் வைத்தார். கெடுத்தது ஆபரேஷன் இல்லை, உன் கடிதம்.

ஜூலையில் நான் கேட்டேனே, யோசித்துச் சொல் என்று. எழுந்து நடந்து போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? அதே மாடிதானே? கேட்டால் பொய் வெளியே வந்துவிடும். அதனால் மறுபடியும் 'என் கையால்' என்று எழுதிவிட்டு விமானம் ஏறிவிட்டாய். முதல் பொய்யையாவது ஏதோ விளையாட்டுப் புத்தி என்று விட்டுவிடுவேன். அந்த இரண்டாவதை எனக்கு விழுங்க முடியவில்லை.

அவர் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். முதுகிலிருந்து வருகிற குழாய்க்கும் பைக்கும் தானே ஒரு துணி உறை தைத்து, இடுப்பில் கட்டி, மேலே ஒரு நீளச் சட்டையைப் போட்டுக்கொண்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிட்டார். சொன்னால் கேட்பதில்லை. வாங்கி வைத்த துணிக்கெல்லாம் ஆட்கள் வந்து நிற்கிறார்களாம். ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிகிறது. பையில் வடிகிறது கொஞ்சம்தான், நிறமும் சரியில்லை.

ஏன் செய்தாய் என்று மட்டும் சொல். பூசி மெழுகாமல் சொல்.


டிசம்பர் 10

பம்பரம்,

சொல்கிறேன். ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆபரேஷனில் ரத்தம் நிற்கவில்லை. ஆள் பிழைத்துவிட்டார், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. யார் மேலும் தப்பு இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மறுநாள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போக நின்றவள், கதவைத் தள்ளாமலே திரும்பிவிட்டேன். இன்றைக்கு மீட்டிங் இருக்கிறது, நீ செய் என்று பையனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கடுத்த நாளும் மீட்டிங் இருந்தது. அப்புறம் மீட்டிங் இல்லாத நாளிலும் இருந்தது. ஒருநாள் யாரோ நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். தப்பித்தேன் என்று பிடித்துக்கொண்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நாற்காலி பெரிதாக இருந்தால் யாரும் கேட்பதில்லை.

நீ மட்டும்தான் 'உன் கை, உன் கை' என்று எழுதிக்கொண்டே இருந்தாய். ஒவ்வொரு கடிதத்திலும். முதல் தடவை உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பாதியில், 'நானேதான் எடுத்தேன்' என்று எழுதிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. உன் கடிதங்களுக்குள் மட்டும்தான் நான் இன்னும் பழைய ஆளாக இருந்தேன். அதை விட மனசு வரவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

இப்போது நான் கேட்பதைத் தயவுசெய்து கேள். அவரிடம் குழாய் தவறிப்போய் உள்ளே தங்கிவிட்டது என்று சொல். அது உண்மைதானே? யார் செய்தார்கள், யார் என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? தெரிந்தால் அவர் சிறுநீரகம் திரும்பி வருமா? இது வெளியே போனால் அந்தப் பையன் தொலைந்தான். நானும் தொலைந்தேன். உன் பெயரும் சும்மா இருக்காது, யோசித்துக்கொள். ஆபரேஷன் தேவைப்பட்டால் இங்கேயே செய்வோம், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நானே பக்கத்தில் நிற்கிறேன். தேவையானால் நானே உள்ளே போகிறேன். இந்தத் தடவை நிஜமாகவே போகிறேன்.

நம் இருவருக்கும் நடுவில் இருந்ததற்காகக் கேட்கிறேன். நீ எனக்கு இதைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

உன்
ஒட்டகம்


டிசம்பர் 29

நேற்றுச் சோதனை முடிவு வந்தது. அந்தச் சிறுநீரகத்தில் உயிர் இல்லை. எடுக்க வேண்டும்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பயந்துபோய்விட்டாய் என்பது எனக்குப் புரிகிறது. எழுதியிருந்தால் அன்றைக்கே கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்திருப்பேன், உன்னோடு உட்கார்ந்து அழுதிருப்பேன். உன் பயத்தை என்னிடம் மறைத்தாய், அதற்கு ஒரு மனுஷியைப் பலி கொடுத்தாய். இப்போது நீ கேட்பது, நீ எனக்கு எழுதிய மாதிரியே நானும் அவருக்கு ஒரு கதை கட்டிச் சொல்ல வேண்டும் என்பது. கொஞ்சம் உண்மையைக் காட்டி மிச்சத்தை மறைக்கச் சொல்கிறாய். நம் இருவருக்கும் நடுவில் இருந்ததை நீ ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அது இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

நான் சொல்லிவிட்டேன். வேறு யார் வாயாலும் கேட்பதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், உன்னிடம் கேட்பதற்காக அல்ல.

இன்று காலை கடை திறந்ததும் கீழே போனேன். அவர் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். செய்தது நீ இல்லை என்பதை. குழாய் வைத்ததை. நீ வராமலே வந்ததாக எழுதியதை. யாரும் அவரிடம் பேசக்கூடாது என்று நான் விதி போட்டதை. அவர் நீட்டிய சீட்டை நான் வாங்கிப் பார்க்காததை. எடுக்க வேண்டியிருப்பதையும் கடைசியில் சொன்னேன். ஒன்று போதும், ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம் என்றும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அவர் உன்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். உன்னைத் திட்டினால் நானும் சேர்ந்து திட்டலாம் என்று ஒரு அற்ப ஆசை. அவர் ஊசியிலிருந்து நூலை உருவி, கட்டையில் சுற்றி வைத்தார்.

"அவங்கள எனக்குத் தெரியாது" என்றார். "முகங்கூடப் பாத்ததில்ல. அவங்க பொய் சொன்னா எனக்கென்ன, சொல்லாட்டி எனக்கென்ன? நான் அவங்கள நம்பிப் போகல."

நான் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"உங்கள நம்பித்தான் போனேன். நீங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணீங்க."

எனக்குத் தெரியாமல் நடந்தது, என்னையும்தான் ஏமாற்றிவிட்டாள் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாதுங்கிறது எனக்கு இப்பத்தானே தெரியுது. தெரியாததுக்கா சத்தியம் பண்ணீங்க?"

நீ எனக்குச் செய்ததை, நான் அறியாமலே அவருக்குச் செய்திருக்கிறேன். உன் மேல் இருக்கிற கோபம் அதனால் குறையவில்லை. என் கோபத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பது என்றுதான் தெரியவில்லை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. எப்போதும் தேற்றுகிறவர்தான். நான் அழுது முடிக்கும் வரை வெட்டிய துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "ஆபரேஷனுக்கு சீட்டு மட்டும் எழுதிக் குடுங்க டாக்டர்" என்றார். டாக்டரம்மா என்று சொல்லவில்லை. "யாருகிட்ட போறதுன்னு நீங்க சொல்ல வேணாம். அத நானே விசாரிச்சுக்கறேன்."

மேலே வந்து எழுதினேன். கல் எடுத்தது, குழாய் தங்கிப்போனது, எத்தனை தடவை தொற்று என்று நினைத்து நான் மருந்து கொடுத்தேன் என்பது, எல்லாம். யாருக்கு என்ற இடத்தைக் காலியாக விட்டேன். கையெழுத்துப் போட்டு, இறங்கிப் போய் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை உடனே மடிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, என்னை எதிரில் நிற்க வைத்தே, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை வைத்து நிதானமாகப் படித்தார். புரியாத இடத்திலெல்லாம் நிறுத்தி, "இது என்னது?" என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.